ஆறிப்போன ஒத்தடம்

கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிகிறது என்று வருகிறவரிடம், "உங்கள் கண் காய்ந்து போயிருக்கிறது" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். திருப்பூரில் ஒரு சிறிய கண் மருத்துவமனையில் 26 வருஷமாகப் பரிசோதகராக இருக்கிறேன். அதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் வரும் சந்தேகம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

மதுரையில் இரண்டு வருஷப் பயிற்சியை முடித்துவிட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. பார்வையை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, மருந்து விட்டு உட்கார வைப்பது, கடைசியாக டாக்டர் எழுதிக் கொடுத்ததை நோயாளிக்கு விளங்கும்படி சொல்லி அனுப்புவது, இவைதான் என் வேலை. இதில் கடைசி வேலைக்குப் பெரிய திறமை எதுவும் வேண்டாம் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு தவறு என்று எனக்குக் காட்டியவர் ஓர் ஓவர்லாக் டெய்லர் அக்கா.

அவருக்கு அப்போது 44 வயது. பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்பார். தலைக்கு மேலே மின்விசிறி, எதிரே டியூப்லைட், காற்றில் பஞ்சுத் தூசி. மத்தியானத்துக்கு மேல் கண்ணில் மணல் விழுந்தமாதிரி உறுத்தும். சாயங்காலம் எரியும். வீட்டுக்காரர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனால் கண்ணீர் தாரையாக ஓடும்.

"ஏனுங் சிஸ்டர், தண்ணி இப்பிடி ஊத்துது, நீங்க காஞ்சு போச்சுங்கறீங்க?" என்றார்.

அவருக்குச் செய்த சோதனைகளைச் சொன்னால் விஷயம் விளங்கும். மெல்லிய வடிகட்டித் தாள் ஒன்றைக் கீழ் இமையில் மாட்டி 5 நிமிஷம் விடுவோம். தாளில் எத்தனை மில்லிமீட்டர் நனைந்திருக்கிறது என்று அளப்போம். ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1903இல் சொன்ன முறை இது. 10 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கண்ணீர் சுரப்பு குறைவு என்று சந்தேகிக்க வேண்டும். அக்காவுக்கு 22 வந்தது. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. அடுத்தது, ஆரஞ்சு நிறச் சாயத் துளி விட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பது. கண் சிமிட்டியதும் கருவிழிமேல் கண்ணீர் ஒரே விரிப்பாகப் படிந்து பச்சையாக ஒளிரும். அந்த விரிப்பு எத்தனை நொடியில் கிழிகிறது என்று எண்ணுவோம். 10 நொடியாவது தாங்க வேண்டும். அக்காவுக்கு மூன்றாவது நொடியிலேயே கறுப்புத் திட்டுகள் விழுந்துவிட்டன.

தண்ணீர் இருக்கிறது, தங்கவில்லை. தங்குவதற்கு மேலே ஓர் எண்ணெய்ப் படலம் வேண்டும். அந்த எண்ணெய் இமை விளிம்பிலிருந்து வருகிறது. மேல் இமைக்குள் முப்பது போலவும் கீழ் இமைக்குள் இருபத்தைந்து போலவும் நீள நீளமான சுரப்பிகள் நெட்டுக்குத்தாக வரிசையாக நிற்கின்றன. ஹைன்ரிஷ் மைபோம் என்ற மருத்துவர் 1666இல் விவரித்து எழுதியதால் மைபோமியன் சுரப்பிகள் என்று பெயர். ஸ்லிட் லேம்ப் என்கிற கண் நுண்ணோக்கியில் பார்த்தால் இமைமுடிக்குச் சற்று உள்ளே ஊசிமுனை அளவுத் துளைகள் தெரியும். நல்ல கண்ணில் இமையை லேசாக அழுத்தினால் தேங்காய் எண்ணெய் போலத் தெளிவாக ஒரு துளி எழும். அக்காவின் இமையை டாக்டர் அழுத்தியபோது ட்யூபிலிருந்து வரும் பற்பசை போல மஞ்சளாக, கெட்டியாக ஒன்று நெளிந்து வந்தது. பல துளைகளில் அதுவும் வரவில்லை.

எண்ணெய் இல்லாத கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கருவிழி காயும், உறுத்தும். உறுத்தல் நரம்பு வழியாகப் போனதும் கண்ணீர்ச் சுரப்பி அவசரமாகத் தண்ணீரைக் கொட்டும். அந்தத் தண்ணீரும் நிற்காது, கன்னத்தில் வழிந்துவிடும். இதை அக்காவிடம் சொல்ல மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத்தான் உதாரணம் காட்டினேன். உறைந்த எண்ணெயைக் கவிழ்த்தால் சொட்டுமா? வெயிலில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்நீரில் நிற்க வைக்க வேண்டும். தலையாட்டினார். "அதனால காலையில பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம் வெந்நீர் ஒத்தடம் குடுங்க அக்கா" என்று சொல்லி, செயற்கைக் கண்ணீர் மருந்தை எப்படி விடுவது என்று காட்டி அனுப்பினேன். ஒத்தடம் எப்படிக் கொடுப்பது என்று காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவேண்டும்? ஒத்தடம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கால் வலிக்கு உப்பு ஒத்தடம், இடுப்புக்குத் தவிட்டு ஒத்தடம். சின்ன வயதில் கண்ணில் தூசி விழுந்தால் அம்மா முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயில் வைத்து ஊதி, அந்தச் சூட்டோடு கண்மேல் ஒற்றுவார்கள். அந்த வெதுவெதுப்பு இன்னமும் எனக்கு நினைவிருக்கிறது. தெரிந்த சொல் என்பதாலேயே நோயாளி கேட்பதில்லை, நாங்களும் விளக்குவதில்லை.

அக்கா நாலு மாதம் கழித்து வந்தார். கண் வெளுப்பாக, சிவப்பே இல்லாமல் இருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்தான். அழுத்தம் பார்த்தேன். 10 முதல் 21 வரை இருக்கவேண்டியது, 32 காட்டியது. மறுபடியும் பார்த்தேன். 32தான்.

விசாரித்தபோது சொன்னார். ஒத்தடம் ஒரு மாதம் கொடுத்தாராம், "வேலைக்கே ஆகல"யாம். கம்பெனிக்குப் பக்கத்து மருந்துக்கடையில் சிவந்த கண்ணைக் காட்டியிருக்கிறார். கொடுத்த சொட்டு மருந்தில் இரண்டே நாளில் எரிச்சல் போய்விட்டது. அதையே பாட்டில் பாட்டிலாக வாங்கி விட்டிருக்கிறார். பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஸ்டீராய்டு மருந்து. மருத்துவர் கண்காணிப்பில் சில நாளுக்கு விடவேண்டியது, மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தத்தை ஏற்றும், பார்வை நரம்பை வலியே இல்லாமல் அரித்துவிடும், கண்புரையும் கொண்டுவரும். நல்லவேளையாக நரம்பு கெடவில்லை. டாக்டர் அந்த மருந்தை நிறுத்தி, அழுத்தம் குறைக்கச் சொட்டு கொடுத்து, சில வாரத்தில் அழுத்தம் இறங்கியது. ஆனால் அன்றைக்கு எனக்கு மனசு ஆறவில்லை. மருந்துக்கடைமேல் கோபம் வந்தது உண்மை. அந்தக் கடைக்கு அவரை அனுப்பியது, வேலைக்கு ஆகாத என் ஒத்தடம் அல்லவா?

"எப்படிக் குடுத்தீங்க, செஞ்சு காட்டுங்க அக்கா" என்றேன். கைக்குட்டையை எடுத்து, வெந்நீரில் நனைப்பதுபோல நனைத்து, பிழிந்து, கண்மேல் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "இப்பிடியே பத்து நிமிசம் கண்ண மூடிப் படுத்துக்குவேனுங்க." நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் சாயப்பட்டறை லேபில் இருக்கிறார். சாயத் தண்ணீரின் சூடு பார்க்கும் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். காய்ச்சலுக்கு வைக்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அது 42க்கு மேல் காட்டாது. அன்று இரவு சமையலறையில் உட்கார்ந்து கைக்குட்டையை 45 டிகிரி தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அளந்தேன். இரண்டு நிமிஷத்துக்குள் சூடு 40க்கும் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு துணி ஈரத் துணிதான். காற்றுப் பட்டால் ஈரம் ஆவியாகும்போது அடியில் இருப்பதன் சூட்டை இழுத்துக்கொள்ளும், மண்பானை செய்வதைப் போல. அக்கா பத்து நிமிஷத்தில் பெரும்பகுதி தன் கண்ணைக் குளிர வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இமைச் சுரப்பியில் அடைத்திருக்கும் கெட்டி எண்ணெய் இளக, இமையின் உட்பக்கம் 40 டிகிரியை எட்ட வேண்டும். வெளித் தோலில் வைக்கும் சூடு உள்ளே போய்ச் சேருவதற்குள் சில டிகிரி குறைந்துவிடும், ஏனென்றால் இமைக்குள் ஓடும் ரத்தம் அதை வாங்கிக்கொண்டு போகும். 45 டிகிரித் துணியை இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தாலும் உள்ளே 40 வர நாலு நிமிஷமாவது ஆகிறது. அதற்குப் பிறகுதான் ஒத்தடமே ஆரம்பிக்கிறது. 45ஐத் தாண்டினால் இமைத் தோல் தாங்காது, உடம்பிலேயே மெல்லிய தோல் அது. ஆக நமக்குக் கிடைக்கும் இடைவெளி வெறும் ஐந்து டிகிரிதான். மருந்துக்கு அளவு எழுதுகிறோமே, இதற்கும் அளவு இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

தெர்மாமீட்டர் யார் வீட்டிலும் இருக்காது. அதனால் டம்ளர் கணக்கு ஒன்று போட்டேன். தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் ஒரு டம்ளர், குழாய்த் தண்ணீர் மூன்று டம்ளர். எங்கள் ஊர்த் தண்ணீருக்குக் கலவை 45ஐ ஒட்டி வந்து நிற்கிறது. அதைச் சோறு வைக்கும் ஹாட்பாக்ஸில் ஊற்றி மூடிவிட்டால் பத்து நிமிஷத்துக்குப் பெரிதாக ஆறுவதில்லை. எப்படியிருந்தாலும் பிழிந்த துணியை முதலில் மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துப் பார்க்கவேண்டும். சுகமாக இருக்கவேண்டும், கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் துணியைக் கொஞ்சம் ஆறவிட வேண்டும்.

துணி விஷயத்தில் திருப்பூர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம். பனியன் கட்டிங் வேஸ்டில் நல்ல காட்டன் துணி வேண்டிய மட்டும் கிடைக்கிறது. துவைத்துக் காயவைத்த துண்டுகள் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஒரே உருண்டையாக்கி, வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும். மேலே இருப்பதை உரித்து முதலில் கண்ணில் வைக்கலாம். உள்ளே இருப்பவற்றின் சூடு அதுவரை காப்பாற்றப்பட்டிருக்கும். இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றாக உரித்துக்கொண்டே போனால் ஐந்து துண்டுக்குப் பத்து நிமிஷம் ஆகிவிடும். ஈரத்துணிமேல் மடித்த உலர்ந்த துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டால் சூடு இன்னும் கொஞ்சம் நிற்கும். கண் மூடியே இருக்கட்டும்.

அரிசி மூட்டையைத் தோசைக்கல்லில் சூடாக்கி வைப்பவர்கள் உண்டு, மைக்ரோவேவில் சூடாக்கும் கண்பட்டை வாங்குபவர்களும் உண்டு. இவற்றில் சூடு நெடுநேரம் நிற்கும், வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதிதான். ஆனால் மேலே மிதமாக இருந்து உள்ளே ஓர் இடத்தில் கொதிக்கும். நன்றாக உருட்டிக் குலுக்கி, மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகே கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். அவித்த முட்டையைத் துணியில் சுற்றி வைத்து இமைத் தோல் வழன்று வந்த ஒரு காலேஜ் பிள்ளையைப் பார்த்ததிலிருந்து முட்டை வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட சர்க்கரை நோயால் விரலில் உணர்ச்சி மங்கியவர்களுக்குச் சூடு பார்க்க வீட்டில் வேறு ஒருவர் கைதான் வேண்டும்.

ஒத்தடம் கொடுத்த கையோடு இமையை நீவிவிட வேண்டும். இளகிய எண்ணெய் மறுபடி இறுகுவதற்குள் வெளியே வரவேண்டுமே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கண்ணை மூடி, மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் இமைமுடியை நோக்கி விரல் நுனியால் வழிக்கவேண்டும். பச்சைக் குழந்தையின் கன்னத்தில் மருந்து தடவுகிற அளவு அழுத்தம் போதும். கண் உருண்டையை அழுத்தவே கூடாது, தேய்க்கக் கூடாது. சூட்டில் கருவிழி கொஞ்சம் இளக்கமாக இருக்கும், அந்த நேரத்தில் கசக்கினால் அதன் வடிவமே மாறக்கூடும். ஒத்தடத்துக்குப் பிறகு சில நிமிஷம் பார்வை மங்கலாக இருந்தால் பயப்படவேண்டாம், அது தெளியும்வரை வண்டி எடுக்காமல் இருந்தால் போதும்.

எனக்குத் தெரிந்து, ஒத்தடத்தை விடாமல் செய்கிறவர்களைவிட ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வருஷக்கணக்கில் அடைத்தது ஒரு வாரத்தில் திறக்காது. முதல் நாலு வாரம் காலையும் இரவும், பிறகு தினம் ஒருவேளை என்று சொல்கிறேன். பல் துலக்குவது மாதிரி இதற்கும் முடிவு கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

எந்தக் கண்ணுக்குக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். சோளத்தட்டு அறுக்கும்போது தோகை கண்ணில் அடித்திருக்கிறது. வீட்டில் நாலு நாள் தாய்ப்பால் விட்டு, ஒத்தடமும் கொடுத்திருக்கிறார்கள். "சுடவெச்சா நல்லாயிரும்னாங்க அம்மணி" என்றார். கருவிழியில் வெள்ளையாகப் புண் படர்ந்திருந்தது. பூஞ்சைத் தொற்று. பயிர், இலை, முள் பட்ட கண்ணுக்கு எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி வருவது. ஒவ்வொரு நாள் தாமதமும் பார்வையில் ஒரு பங்கு. அவருக்குக் கண் தப்பியது, கருவிழியில் தழும்பு தங்கிவிட்டது. அடிபட்ட கண், வலியோடு சிவந்த கண், பீளை தள்ளும் கண், திடீரென்று மங்கிய கண், இவற்றுக்கு ஒத்தடம் கிடையாது. அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். புரை அறுவை செய்துகொண்டவர்கள் டாக்டர் சொல்லும்வரை கண்ணில் சூடு வைக்கக் கூடாது. ஒவ்வாமையால் அரிக்கும் கண்ணுக்குக் குளிர்ந்த துணிதான் இதம், சூடு அரிப்பைக் கூட்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், நந்தியாவட்டைச் சாறு எதுவும் எந்தக் கண்ணிலும் வேண்டாம்.

இன்னொன்று. கண்கட்டிக்கும் இதே ஒத்தடம்தான். பெரும்பாலும் அதிலேயே அமுங்கிவிடும். ஆனால் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்தாலோ, அந்த இடத்தில் இமைமுடி உதிர்ந்தாலோ, ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். இதே எண்ணெய்ச் சுரப்பியில் புற்றுநோயும் வரும். மேலைநாடுகளைவிட நம் நாட்டில் அது அதிகம் காணப்படுகிறது. சாதாரணக் கட்டி மாதிரியே வேஷம் போடும்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். ஹாட்பாக்ஸ், ஐந்து துண்டு, டம்ளர் கணக்கு எல்லாவற்றையும் அவரை உட்கார வைத்துச் செய்து காட்டினேன். அவர் கையாலும் ஒருதடவை செய்யச் சொன்னேன். மிஷின்மேலிருந்த மின்விசிறியைக் கொஞ்சம் தள்ளி மாட்டச் சொல்லி சூப்பர்வைசரிடம் அவரே பேசினார். ஊசியைப் பார்த்துத் தைக்கிறவர்கள் சிமிட்ட மறந்துவிடுகிறார்கள், சிமிட்டினாலும் பாதிதான் மூடுகிறார்கள். முழுதாக மூடினால்தானே சுரப்பி பிழிந்து எண்ணெய் கொடுக்கும். அதனால் ஒவ்வொரு பீஸ் முடித்து அடுத்ததை எடுக்கும்போதும் கண்ணை முழுதாக மூடித் திறங்கள் என்றேன். பீஸ் எண்ணித் தைக்கிறவருக்கு அது எளிதாகப் பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் கழித்து சாயச் சோதனையில் மூன்று நொடி ஏழாகியிருந்தது. பத்து வரவில்லை. அகச்சிவப்புப் படம் எடுக்கும் கருவி எங்களிடம் வந்தபோது அவர் இமையைப் பார்த்தோம். சில சுரப்பிகள் முன்பே சுருங்கி அழிந்திருந்தன. போன சுரப்பி திரும்ப வளராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் ஒத்தடம். இரவில் எரிச்சலில்லாமல் தூங்குகிறேன் என்றார், அது அவருக்குப் போதுமாக இருந்தது.

2011இல் அமெரிக்காவில் லிப்பிஃப்ளோ என்ற கருவிக்கு அனுமதி கொடுத்தார்கள். இமையின் உட்பக்கத்தையே 42.5 டிகிரிக்குச் சூடாக்கி, வெளியிலிருந்து நீவிவிட்டு, 12 நிமிஷத்தில் வேலையை முடிக்கும். வசதி உள்ளவர்கள் பெரிய ஊரில் செய்துகொள்ளலாம். அதுவும் செய்வது சூடும் நீவலும்தான் என்று படித்தபோது, ஹாட்பாக்ஸை வைத்துக்கொண்டு நாங்கள் போகும் பாதை சரியானதுதான் என்று எனக்குத் தைரியம் வந்தது. 2020இல் மாஸ்க் போட ஆரம்பித்தபோது மூக்குப் பக்கம் இடைவெளி வழியே மூச்சுக்காற்று மேலே ஏறிக் கண்ணைக் காயவைக்கிறது என்று நிறையப் பேர் வந்தார்கள். வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் அப்போதுதான் வரத் தொடங்கினார்கள், இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்கள். டெய்லர்களுக்குச் சொன்னதையேதான் அவர்களுக்கும் சொல்கிறேன்.

என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஹாட்பாக்ஸும் துவைத்த பனியன் துண்டுகளும் எப்போதும் இருக்கின்றன. இந்தத் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: சீட்டில் "வெந்நீர் ஒத்தடம்" என்று எழுதியிருந்தால் வாசித்துக் காட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடாதீர்கள். அவரை உட்கார வைத்து, உங்கள் கையால் ஒருமுறை கொடுத்துக் காட்டுங்கள், பிறகு அவரைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிஷம்தான் ஆகும்.